ஏழாம் போர்ட், குழி வீதி

ஜூன் 2, திங்கள்

ஆபீசில் பழுதுப் பதிவேடு ஒன்று உண்டு. தேதி, வீதி, புகார், காரணம், சரிசெய்த நேரம். ஆறு வருடமாக அதை நான்தான் எழுதுகிறேன். அதே மாதிரி வீட்டுக்கும் ஒரு நோட்டு போடலாம் என்று தோன்றியது. நாட்கள் போவதே தெரியவில்லை. எழுதி வைத்தால் போனதாவது தெரியும்.

இன்று: பால் திரிந்துவிட்டது. இரண்டு சட்டை துவைத்தேன். சந்தைப்பேட்டையில் ஒரு ரூட்டர் மாற்றினேன்.

ஜூன் 3, செவ்வாய்

ருக்மணியக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தூக்குப்போசியை நீட்டினார். பக்கத்து வீடு. நாலு விசைத்தறி ஓட்டுகிறார். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி, தறி நிற்கும்போதும் கத்தித்தான் பேசுவார்.

"கொள்ளு கடைஞ்சேன். உண்டுபோட்டுப் போசியக் கழுவிக் குடு. போன வாரத்துது ரெண்டு உங்கிட்டயே கெடக்குது."

"சரிங்க்கா."

"சரிங்கறதத் தவுர வேற வார்த்தையே வராதா கண்ணு உனக்கு?"

"வருங்க்கா."

"அப்பாடி, ஒண்ணு வந்துருச்சு." போனவர் திரும்பி வந்தார். "இருவத்தேழாந்தேதி பேரூராட்சிக் கூட்டத்துல நம்ம வீதி மனுவ எடுக்கறாங்க. நீ வருவியா?"

"வேலை இருக்குதுங்க்கா."

"ஆமா, உன்ற மொதலாளி மேலதான மனுவே. நீ எப்படி வருவ." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூன் 5, வியாழன்

அந்த மனுவைப் பற்றி எழுதி வைக்கிறேன். பதிவேடு என்றால் காரணம் எழுத வேண்டும்.

நல்லாம்பாறையில் நெட் என்றால் வெள்ளிமலை நெட் மட்டும்தான். சபாபதி அண்ணனுடையது. நான் அங்கே நெட்வொர்க் இன்ஜினியர். இன்ஜினியர் என்று கார்டில் இருக்கிறது. ஏணியும் நான்தான் தூக்குகிறேன். கேபிள் டிவி காலத்திலேயே சுற்றுவட்டார ஆபரேட்டர்கள் ஐந்து பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எழுத்து கிடையாது. எல்லையில் இருக்கும் கம்பத்தில் நீலப் பெயின்ட் அடித்தார்கள், அவ்வளவுதான். பெயின்டைத் தாண்டி வரும் ஒயரை இந்தப் பக்கத்து ஆள் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடுவார். அந்தப் பக்கத்து ஆள் போலீசுக்குப் போக மாட்டார். அதற்குப் பெயர் ஏரியா மரியாதை. ஃபைபர் வந்த பிறகும் அதே பெயின்ட்தான்.

எங்கள் குழி வீதி பழைய கல்குழிக்குள் இறங்கியிருக்கிறது. அறுபத்திரண்டு வீடு. செல்போன் சிக்னல் இறங்காது. போன் பேசுவதே வைஃபை வழியாகத்தான். நெட் நின்றால் அறுபத்திரண்டு வீடும் ஊமை.

இந்த வருடம் மூன்று முறை நின்றது. வேறு கம்பெனி ஒன்று உள்ளே வர அனுமதி கேட்டு வீதிக்காரர்கள் கையெழுத்து வாங்க ஆரம்பித்த பிறகு.

இப்போது அவர்கள் கேட்பது இதுதான்: கரண்டு, குடிதண்ணீர் மாதிரி இதையும் நடத்த வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். காரணத்தை எழுத்தில் தர வேண்டும். புகார் சொன்னவனைப் பழி வாங்கக் கூடாது. பேரூராட்சி வீதிகளில் ஒயர் இழுக்க அண்ணனுக்கு இருக்கும் அனுமதியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது இந்த மாதம் வருகிறது. மூன்று முறையும் வேண்டுமென்றே நிறுத்தியது என்று தெரிந்தால் நிபந்தனை போடுவார்கள். தற்செயல் என்றால் பழையபடி கையெழுத்து.

வேண்டுமென்றே நிறுத்தியதா இல்லையா என்பது இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் சபாபதி அண்ணன்.

ஜூன் 9, திங்கள்

மனுவுக்குப் பதில் கடிதம் டைப் அடிக்கச் சொன்னார் அண்ணன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"ஜனவரி இருவது. லாரி இடிச்சு ஒயரு அந்துபோச்சு."

"சரிங்ணா."

"பிப்ரவரி பதிமூணு. எலி கடிச்சுருச்சுன்னு போடு."

"சரிங்ணா."

மூன்றாவது தேதிக்கு வந்ததும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுக்கு... மழைன்னு போட்டுக்க."

"மார்ச்சுல மழை இல்லீங்ணா."

"அப்ப நீயே ஏதாச்சும் போட்டுக்கடா" என்று வெளியே போய்விட்டார். டீ குடிக்கப் போகிறேன் என்றார். கையில் டீ டம்ளர் இருந்தது.

தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டேன். இரண்டு பிரதி எடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

கடிதத்தில் மார்ச் 11 என்ற இடத்தில் எழுத்து கோணலாக விழுந்திருக்கிறது. பிரிண்டர் ரோலரைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கோகிலாவின் சேலைகளை என் மாமியார் கேட்டிருந்தார். எடுத்து வைத்தேன். பதினேழு. பிறகு திரும்ப உள்ளே வைத்தேன். அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.

ஜூன் 16, திங்கள்

போசிகளைக் கொடுக்கப் போனேன். ருக்மணியக்கா பாவு நூல் முடிந்துகொண்டிருந்தார். விரல் நிற்கவில்லை, வாய் மட்டும் பேசியது.

"கரண்டு நிறுத்தறான்னா பேப்பர்ல போடறான். இன்ன ஊரு, இன்ன வீதி, காலைல ஒம்பதுலருந்து சாயந்தரம் அஞ்சு வரைக்கும்னு. நானும் அதுக்குத் தகுந்தாப்புல அன்னிக்குத் துணி துவைக்கறேன், பின்னால பொடக்காளியக் கழுவறேன். தண்ணி வராதுன்னா ஆட்டோவுல மைக்கக் கட்டிட்டு வந்து கத்திப்போட்டுப் போறான். இந்த நெட்டு என்ன பெரிய மைனரா? அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்?"

"தனியார் ஒயருங்க்கா அது."

"ஒயரு அவருது. வீதி யாருது? என்ற வாசல்ல குழி தோண்டித்தான புதைச்சாரு? வேற எவனையும் உள்ள உட மாட்டேன்னா, அப்புறம் அவருதான் எங்களுக்குக் கவருமெண்டு. கவருமெண்டு மாதிரி பதில் சொல்லட்டும்." முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். "ஜனவரில சரக்கேத்தின லாரி, நெட்டு இல்லாம பில்லு வராம, ரெண்டு நாளு இங்கயே நின்னுது. அந்த டிரைவருக்கு ஆறு வேள சோறு போட்டேன். நல்லாத் தின்பான் அவன்."

சிரிப்பு வருகிற இடம். வரவில்லை.

"நெசமாலுமே கோளாறுதானா கண்ணு அது?"

போசிகளை அடுக்கினேன். பெரியது கீழே, சிறியது மேலே. அவர் அப்புறம் கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

சபாபதி அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு கதலி. உட்காரும்போது கோகிலா வேலை பார்த்த மேசையைப் பார்த்தார், நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவள் மெடிக்கல் கோடிங் பார்த்தாள். சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை.

"இருவத்தேழு அன்னிக்கு உன்னயும் கூப்புடுவாங்க லோகு. டெக்னிக்கல் ஆளுன்னு. லெட்டர்ல இருக்கறதச் சொன்னாப் போதும்."

கதலியை வாங்கித் தட்டில் வைத்தேன்.

"எனக்கென்ன ஆசையாடா? இந்த ஊருக்கு எந்தப் பெரிய கம்பெனிக்காரன் வந்தான்? மலையடிவாரம், வீடு கம்மி, கட்டுப்படியாகாதுன்னு போயிட்டான். தோட்டத்த வித்து ஒயரு இழுத்தவன் நானு. நாங் கம்பம் ஏறிக் கை முறிஞ்சது உனக்குத் தெரியாதா? இப்ப எல்லாம் ஓடறப்ப இன்னொருத்தன் வருவானாம், நான் கரண்டாபீசு மாதிரி நடந்துக்கோணுமாம். கரண்டாபீசு மாதிரி நடக்கோணும்னா கரண்டாபீசு மாதிரி நஷ்டத்துலயும் ஓடோணும். அதுக்கு ஆரு வருவா?"

அவர் சொல்வதில் பொய் இல்லை. கை முறிந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். கோகிலாவைத் தூக்கிய நாலு பேரில் அவர் ஒருவர். அந்தக் கையோடுதான் தூக்கினார்.

"அப்படின்னா நிறுத்தாம இருந்திருக்கலாமுங்ணா" என்றேன்.

அவர் எழுந்துகொண்டார். "கதலி நல்லாப் பழுத்திருக்குது. வெச்சிருக்காத, அழுகிப்போயிரும்."

ஜூன் 24, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

ஆபீசில் இருக்கிற பெரிய பெட்டியில் பதினாறு போர்ட். ஒவ்வொன்றும் ஒரு வீதிக்கோ இரண்டு வீதிக்கோ போகிறது. ஏழாம் போர்ட் குழி வீதி. கம்ப்யூட்டரில் ஒரு வரி அடித்தால் போர்ட் அணையும், இன்னொரு வரி அடித்தால் எரியும். யார், எந்த நேரத்தில் அடித்தார்கள் என்று பெட்டி தானாகவே குறித்துக்கொள்ளும். அழிக்க முடியாது. அண்ணன் வாயால் சொன்னது எங்கும் பதிவாகாது. பெட்டியில் மூன்று இடத்திலும் என் பெயர்தான் இருக்கிறது.

மார்ச் 11 காலையில் அண்ணன் உள்ளே வந்து, "மறுபடியும் கையெழுத்து வாங்கறாங்களாமா. ஏழ அமுக்குடா, மத்தியானம் வரைக்கும் கெடக்கட்டும்" என்றார். அமுக்கினேன். பத்து நாற்பத்திரண்டு. பிறகு பழுதுப் பதிவேட்டை எழுதினேன், டீ குடித்தேன். ஒன்று இருபதுக்கு ஆன் செய்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன்.

அவள் மேசைக்குக் கீழே கிடந்தாள். நாற்காலி சாய்ந்திருந்தது. போன் மேசையில்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது, நொடியில் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள். எந்த நொடி? பத்தரைக்கா, பன்னிரண்டுக்கா? தலை வலிக்க ஆரம்பித்து, போனை எடுத்து என்னைக் கூப்பிட்டுப் பார்த்து, லைன் இல்லாமல் திரும்ப மேசையில் வைத்தாளா? அவள் போனை இன்றுவரை நான் திறக்கவில்லை. அவள் அம்மாவிடம் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

என் வீடும் அதே வீதியில்தான் இருக்கிறது. அமுக்கும்போது அது ஞாபகம் வரவில்லை. பெட்டியைப் பார்க்கிறவனுக்கு அது வீதி இல்லை, ஏழு. மற்ற இரண்டு தடவையும் அப்படித்தான். அறுபத்திரண்டு வீடு, அதில் ஒன்றில் என் மனைவி, எனக்கு அது ஒரு எண்.

மார்ச் 13 அன்று, பால் ஊற்றிய மறுநாள், ஆபீசுக்குப் போய் பதிவைப் பிரிண்ட் எடுத்தேன். பீரோவில் இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

முடி வெட்டிக்கொண்டேன். நாளைக்கு என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டார். கூட்டம் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

பேரூராட்சி ஹாலில் ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை. குழி வீதியிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். ருக்மணியக்கா முன் வரிசை. இந்தப் பக்கம் நானும் அண்ணனும்.

தலைவரம்மா அண்ணனின் கடிதத்தை வாசித்தார். லாரி என்றபோது யாரோ, "லாரிதான் எங்க வீதியிலயே நின்னுட்டிருந்துச்சே, அது எங்க போயி இடிச்சுது?" என்றார். எலி என்றபோது, "எங்க வீட்டு எலி நெட்டெல்லாம் திங்காதுங், தேங்காதான் திங்கும்" என்று இன்னொருவர். ஹாலே சிரித்தது. தலைவரம்மாவும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதான் இன்ஜினியருங்களா தம்பி? இந்தக் காரணமெல்லாம் சரிதானுங்களா?"

எழுந்தேன். வேறு யாரோ எழுந்த மாதிரி இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேப்பரை எடுத்துக் கொடுத்தேன்.

"சரியில்லைங்க. மூணு தடவையும் நிறுத்துனதுங்க. பெட்டியில பதிவாயிருக்குது."

பின்னால் கசமுசா. தலைவரம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "லோகநாதன்னு போட்டிருக்குது. அது ஆரு?"

"நாந்தானுங்க. அமுக்குனது நான்."

"தேதிய நீங்களே வாசிங்க. எனக்கு இந்த இங்கிலீசு புரியல."

வாசித்தேன். ஜனவரி இருபது. பிப்ரவரி பதிமூன்று. "மார்ச் பதினொண்ணு. காலைல பத்து நாப்பத்திரண்டுலருந்து ஒண்ணு இருவது வரைக்கும்."

கசமுசா நின்றது. அந்தத் தேதி அந்த வீதிக்கே தெரியும். அன்று மத்தியானம் என் வீட்டு வாசலில் நின்றவர்கள்தான் அத்தனை பேரும். ருக்மணியக்கா வாயில் கை வைத்தது தெரிந்தது. அப்புறம் நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஆரு சொல்லி அமுக்குனீங்க தம்பி?" தலைவரம்மா மெதுவாகத்தான் கேட்டார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நாஞ் சொன்னனுங்க" என்றார் சபாபதி அண்ணன். "அவனா எதுவும் பண்ணலீங்க. லெட்டரும் நாஞ் சொல்லித்தான் அடிச்சான்."

அதற்கு மேல் யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட வந்தவர்கள்கூட.

தீர்மானம்: நிறுத்துவதற்கு இரண்டு நாள் முன்னால் வீதியில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். தானாக நின்றால் அன்றைக்கே காரணம் எழுதித் தர வேண்டும். கேட்கிற எல்லோருக்கும் ஒரே விதமாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் பெட்டியின் பதிவை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மீறினால் அனுமதி ரத்து. வேறு கம்பெனி வரும் விஷயத்தை மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுகிறார்கள். "கரண்டுக்கு இருக்கற சட்டம் இதுக்கும் வரோணும். அதுவரைக்கும் நம்ம கையில இருக்கறதச் செய்யலாம்" என்றார் தலைவரம்மா.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். இன்று யாரும் சுவருக்கு மேலே போசி நீட்டவில்லை.

ஜூன் 28, சனி

சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஆபீசுக்குப் போனேன். அண்ணன் மட்டும் இருந்தார். சாவியை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"அன்னிக்கு உன்ற வீடும் அதுல இருக்குதுன்னு எனக்குத் தோணவே இல்லடா."

"எனக்கும் தோணலைங்ணா."

இரண்டு பேரும் பெட்டியில் மினுங்கும் பச்சை விளக்குகளைப் பார்த்தோம்.

"மூணு மாசமா உன்ற மூஞ்சிய நேராப் பாக்க முடியல. நேத்து எந்திரிச்சு நின்னு சொன்னதுக்கப்புறந்தான் ராத்திரி சோறு எறங்குச்சு." சாவியை என் பக்கம் தள்ளினார். "திங்கக்கெழம வா. நோட்டீசு எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியாது."

ஜூன் 29, ஞாயிறு

வீதியில் எல்லோரும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை.

ஜூலை 1, செவ்வாய்

காலை பதினொரு மணி, வீட்டில்தான் இருந்தேன். புது நம்பரிலிருந்து போன். கோகிலா கம்பெனியின் டீம் லீடர் ஷைலஜா என்றார். காரியத்துக்கு வந்திருந்தாராம், எனக்கு ஞாபகம் இல்லை.

"நல்லாம்பாறை மீட்டிங் பத்தி பேப்பர்ல வந்திருக்குன்னு இங்க ஒருத்தங்க அனுப்பினாங்க. உங்க பேரும் இருந்துச்சு. மன்னிச்சுக்கோங்க, இதைச் சொல்லலாமா கூடாதான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். அதுல லைன் நின்ன டைம் பத்து நாப்பத்திரண்டுன்னு போட்டிருந்தாங்க."

"ஆமாங்க."

"லைன் இல்லாமதான் கோகி யாரையும் கூப்பிட முடியலன்னு நீங்க நினைச்சுட்டிருந்தா, அது சரியில்லைங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர்கள் சிஸ்டத்தில் யார் எப்போது என்ன அடித்தார்கள் என்பது நிமிஷக் கணக்காகப் பதிவாகும். கோகிலா அன்று ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு ஒரு ஃபைலை முடித்திருக்கிறாள். அடுத்ததைத் திறந்து நாலு எழுத்து அடித்திருக்கிறாள். பத்து மணி ஒரு நிமிடம். அதற்குப் பிறகு கீபோர்டில் ஒரு கீயும் அழுந்தவில்லை, மவுஸ் நகரவில்லை. பத்து பதினொன்றுக்கு, ஆள் சும்மா இருக்கிறார் என்று ஷைலஜாவுக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது.

"நான் சாட்ல 'கோகி, எங்க போன?'ன்னு கேட்டேன். மெசேஜ் போய்ச் சேர்ந்துச்சு. லைன் இருந்துச்சுங்க அப்ப. பதில்தான் வரல. துணி காயப்போடப் போயிருப்பான்னு விட்டுட்டேன். உங்க ஊருக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். நான் பண்ணல. மூணு மாசமா அதேதான் ஓடிட்டிருக்கு."

நான் அவரிடம், "டாக்டர் நொடிதான்னு சொன்னாருங்க" என்றேன். டாக்டர் சொன்னதை நானே நம்பியது அப்போதுதான். "நாலு எழுத்து அடிச்சவ அஞ்சாவது எழுத்து அடிக்கல. போனையே எடுக்கல. நீங்க கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுங்க."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பத்து மணி ஒரு நிமிடம். நான் அமுக்கியது பத்து நாற்பத்திரண்டு. நாற்பத்தோரு நிமிடம். கழித்தல் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். விரல் விட்டும் எண்ணினேன்.

நான் செய்தது இதனால் சரியாகிவிடாது. அன்று வேறு எந்த வீட்டிலாவது யாராவது விழுந்திருந்தால், லைன் இல்லாமல் போயிருக்கும், அமுக்கியவன் நான்தான். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அவள் அந்த மேசையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள் என்று நூற்றுப் பன்னிரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று நடக்கவே இல்லை.

செருப்புக்கூடப் போடாமல் ருக்மணியக்கா வீட்டுக்குப் போனேன். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், கேட்கவில்லை. நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

"அவ என்னக் கூப்புடலைங்க்கா!" என்று கத்தினேன்.

"என்ன கண்ணு?"

"கோகிலாங்க்கா! கூப்புடவே இல்லைங்க்கா! அதுக்கு முன்னாலயே! லைன் இருக்கறப்பயே!"

அவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். ஒவ்வொரு தறியாக நின்றது. கடைசித் தறியின் நாடா தட்டி ஓய்ந்ததும் அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு அமைதி. இப்போது மெதுவாகச் சொன்னேன். பத்து ஒண்ணு. பத்து நாப்பத்திரண்டு. எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் முகம் நனைந்துகொண்டிருந்தது. துடைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் தலையெல்லாம் பஞ்சு. "நாலு நாளா உங்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியாம அந்தச் சுவருகிட்டயே வரலடா சாமி" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

அங்கேயே உட்கார வைத்துச் சோறு போட்டார். ரசம், முட்டை. இரண்டாவது தடவை நானே வாங்கிச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி. சொன்னேன்.

"வந்துட்டாரு நாட்டாமை" என்று உப்பு ஜாடியை எடுத்து நகர்த்தினார்.